பூ மணக்கும் ஸ்பார்க்ளிங் காக்டெயில்: முதல்முறை செய்பவர்களுக்கு

முதல்முறை நான் இதைச் செய்தபோது ஷேக்கரின் மூடி பறந்து சுவரில் மோதியது. குமிழி வரும் ஸ்பார்க்ளிங் ஒயினையும் சேர்த்து உள்ளே ஊற்றிக் குலுக்கியிருந்தேன். தரையைத் துடைத்துவிட்டு, மிச்சம் இருந்ததைக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்த நண்பர் மெதுவாகக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சோப்பு வாசனை வருதே?" என்றார். அவர் சொன்னது சரிதான். எனக்கும் வந்தது.

அதன் பிறகு பலமுறை செய்து, பலமுறை கெடுத்து, இப்போது ஓரளவு கை பழகிவிட்டது. கலக்குவது ஒரு நிமிட வேலை. அதில் யாரும் பெரிதாகத் தப்பு செய்வதில்லை. கெடுவதெல்லாம் அதற்கு முந்தைய நாள்: பூவை வாங்கும்போது, லேபிளைப் படிக்காமல் விடும்போது, புட்டியைக் குளிர வைக்க மறக்கும்போது. ஆகவே இந்தக் கட்டுரையில் பாதி முந்தைய நாள் வேலை பற்றியதுதான்.

நாம் செய்யப்போவது லேவண்டர் வாசனையுள்ள ஒரு லேசான பானம். ஒரு கிளாஸுக்கு அளவு இதோ:

லேவண்டர் சிரப் 15 மி.லி.
வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 15 மி.லி.
ஜின் 15 மி.லி.
ஸ்பார்க்ளிங் ஒயின் 75 மி.லி.
சோடா 30 மி.லி.

மொத்தம் 150 மி.லி. அளக்க ஜிக்கர் இல்லையென்றால் இருமல் மருந்துப் புட்டியோடு வரும் பிளாஸ்டிக் மூடி போதும், நன்றாகக் கழுவி வெந்நீரில் அலசிய பிறகு. பெரும்பாலான மூடிகளில் 5, 10, 15 என்று கோடு போட்டிருக்கும். கண் திட்டத்தில் ஊற்றாதீர்கள். 15-க்குப் பதில் 25 மி.லி. சிரப் விழுந்தால் அதற்குப் பிறகு நீங்கள் குடிப்பது சர்க்கரைப் பாகு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மது அருந்தச் சட்டம் அனுமதிக்கும் வயதை எட்டியவர்களுக்கு மட்டும்தான் இது. கர்ப்பிணிகள், வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியவர்கள், மதுவோடு சேரக்கூடாத மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கு மது இல்லாத வடிவம் 9-ஆவது படியில் இருக்கிறது. அதுவும் நன்றாகவே இருக்கும்.

1. எந்தப் பூ என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"பூ வாசனை" என்று பொதுவாக நினைத்துக்கொண்டு கடைக்குப் போனால் நான்கு பொருள் வாங்கி வருவீர்கள். நான்கையும் கலந்தால் எதுவும் மணக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

லேவண்டர்: காய்ந்த மொட்டாகக் கிடைக்கும், மாதக்கணக்கில் கெடாது, சிரப்புக்கு எளிது. ஆனால் அளவு மீறினால் மன்னிக்காது. சமையலுக்கானது என்று பாக்கெட்டில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். லேவண்டரில் பல வகை உண்டு. இங்கிலீஷ் லேவண்டர் என்பது மென்மையானது. லேவண்டின் என்ற கலப்பினத்தில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கும். அதை எண்ணெய் எடுக்கவும் துணி அலமாரியில் வைக்கும் பைகளுக்கும் நிறையப் பயன்படுத்துகிறார்கள். நான் முதலில் வாங்கியது அப்படி ஒரு வாசனைப் பையில் போடும் சரக்கு. சோப்பு வாசனைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ரோஜா: பன்னீர் ஒரு கிளாஸுக்கு 2 அல்லது 3 சொட்டு போதும். ஒவ்வொரு தயாரிப்பும் ஒவ்வொரு வீரியத்தில் இருக்கும் என்பதால் முதலில் ஒரு சொட்டில் ஆரம்பியுங்கள். ரோஸ் எசென்ஸும் பன்னீரும் ஒன்றல்ல. எசென்ஸ் விட்டால் மிட்டாய் வாசனைதான் வரும். இதழிலிருந்து சிரப் செய்வதென்றால் இதழின் அடியில் உள்ள வெள்ளைப் பகுதியைக் கிள்ளி எறியுங்கள், அது கசக்கும்.

எல்டர்ஃபிளவர்: எல்டர் என்ற செடியின் சின்ன வெள்ளைப் பூ. இந்த வகைப் பானத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாசனை இல்லை என்பது என் கட்சி. ஆனால் புதிய பூ கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள், அந்தச் செடியின் தண்டிலும் இலையிலும் சயனைடு வெளிவிடக்கூடிய பொருட்கள் உண்டு என்பதை மறக்கக் கூடாது. பச்சைக் காம்பை முடிந்தவரை நீக்கிவிட்டுப் பூவை மட்டும் எடுக்க வேண்டும். அந்தச் சிரமம் வேண்டாமென்றால் கடையில் தயாராகக் கிடைக்கும் எல்டர்ஃபிளவர் சிரப்பையோ, சுமார் 20 சதவீத மதுவுள்ள எல்டர்ஃபிளவர் லிக்கரையோ (இனிப்பும் வாசனையும் சேர்த்த மது) வாங்கலாம். லிக்கர் சேர்த்தால் ஜின் தேவையில்லை.

ஹைபிஸ்கஸ்: அந்தப் பெயரில் விற்கும் காய்ந்த சிவப்புச் சரக்கு நிறத்தை அள்ளிக் கொடுக்கும், புளிப்பும் நிறைய. வாசனை குறைவு. இதைப் போட்டால் எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

சங்குப்பூ: நிறத்துக்கு மட்டும். எலுமிச்சை பட்டதும் நீலம் ஊதாவாக மாறும், விருந்தினர் கைதட்டுவார்கள். மணம் என்று ஒன்றும் வராது.

இனி எச்சரிக்கை. பூங்கொத்து விற்கும் கடைப் பூவை இதில் போடாதீர்கள். சாப்பிடுவதற்கென்று வளர்க்காத பூக்களில் பூச்சிமருந்து இருக்கக்கூடும், கழுவினால் முழுதும் போய்விடும் என்று நம்ப முடியாது. அலங்காரத்துக்கு மேலே மிதக்கவிடும் பூவுக்கும் இதே விதிதான். அரளி, ஃபாக்ஸ்கிளவ், லில்லி ஆஃப் தி வேலி, ஹைட்ரேஞ்சியா எல்லாம் பார்க்க அழகு, உள்ளே விஷம். பெயர் உறுதியாகத் தெரியாத பூ கிளாஸ் பக்கமே வரக் கூடாது.

அரோமா தெரபிக்கு விற்கும் லேவண்டர் எண்ணெயும் வேண்டாம். ஒரு சொட்டு விட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அந்த எண்ணெய் நீரில் கரையாமல் மேலே படலமாக நிற்கும், உள்ளுக்குச் சாப்பிடத் தயாரித்ததும் அல்ல.

2. புட்டியின் லேபிளைப் படியுங்கள்

இதில் படித்தே ஆக வேண்டியது ஒன்றுதான்: ஒயின் புட்டியின் லேபிள். அதில் ஒரு சொல்லைத் தேட வேண்டும்: ப்ரூட்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். "எக்ஸ்ட்ரா ட்ரை" என்று எழுதியிருந்தால் இனிப்பே இல்லாதது என்று நினைப்போம். உண்மை நேர் எதிர். ஐரோப்பிய விதிப்படி ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் சர்க்கரை கிடையாது. எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 கிராம் வரை. வெறும் ட்ரை என்றால் 17 முதல் 32 கிராம் வரை. "ட்ரை" என்ற சொல்லை நம்பி வாங்கினால் இனிப்பான ஒயினை வீட்டுக்குத் தூக்கி வருவீர்கள். நம் கிளாஸில் சிரப் வழியாகவே சுமார் 9 கிராம் சர்க்கரை சேர்ந்துவிடுகிறது. ஒயினும் இனித்தால் தாங்காது. எக்ஸ்ட்ரா ப்ரூட், ப்ரூட் நேச்சர் இரண்டும் ப்ரூட்டைவிட இனிப்புக் குறைந்தவை. அவை கிடைத்தாலும் சரி.

லேபிளில் இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது ஸ்புமாண்டேயா, ஃப்ரிஸாண்டேயா என்பது. இத்தாலிய ஒயின்களில் இப்படிக் குறிப்பிடுவார்கள். ஃப்ரிஸாண்டே என்றால் கேஸ் அழுத்தம் குறைவு. சிரப்பும் சாறும் சேர்ந்த பிறகு அதில் குமிழி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவாக மிஞ்சாது. ஸ்புமாண்டே வாங்குங்கள்.

3. எதற்குச் செலவு செய்வது, எதற்கு வேண்டாம்

விலையுயர்ந்த ஷாம்பெயின் இதற்கு வேண்டாம். ஷாம்பெயினுக்கு நாம் கூடுதலாகப் பணம் கொடுப்பது, புட்டிக்குள்ளேயே இரண்டாவது முறை நொதித்து, ஈஸ்ட்டோடு நாட்பட இருந்து வரும் அந்த ரொட்டி வாசனைக்கு. அதன் தலையில் லேவண்டரையும் எலுமிச்சையையும் கவிழ்த்தால் அது இருந்த இடம் தெரியாது. ப்ரொசெக்கோ போலப் பெரிய தொட்டியில் நொதிக்கவைத்த ஒயினில் பழ வாசனை முன்னால் நிற்கும், பூவோடு ஒத்துப்போகும். நல்ல வேளையாக அதுதான் பொதுவாக விலையும் குறைவு.

அளவுக் கணக்கு இப்படி: 750 மி.லி. புட்டியில் 75 மி.லி. வீதம் 10 கிளாஸ் என்று காகிதம் சொல்லும். முதல் புட்டி திறக்கும்போது கொஞ்சம் பொங்கி வழியும், ஒருவருக்குக் கை கூடுதலாகச் சாயும். 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு ஜின் புட்டி 50 கிளாஸுக்கு வரும். ஆகச் செலவில் பெரும்பங்கு ஒயினுடையது. திறந்த புட்டியில் மீந்து கேஸ் போய் வீணாவதுதான் உண்மையான நஷ்டம். இரண்டு பேருக்கு மட்டும் என்றால் 187 அல்லது 200 மி.லி. சின்னப் புட்டி வாங்குங்கள். மி.லி. கணக்கில் விலை கூடத்தான் இருக்கும், ஆனால் மீதியைக் கொட்ட வேண்டியிருக்காது.

கணக்கு என்று வந்துவிட்டதால் இன்னொன்று. இந்த வகைப் பானங்களுக்குத் தாய் என்று சொல்லத்தக்க ஃபிரெஞ்ச் 75-இல் ஜின் 30, எலுமிச்சை 15, சிரப் 15, ஷாம்பெயின் 60 மி.லி. அதில் மது சுமார் 16 சதவீதம் வருகிறது, வெறும் ஒயினைவிட அதிகம்! வாயில் லேசாகத் தெரியும், கணக்கில் லேசு இல்லை. மேலே நான் கொடுத்த அளவில், ஜினைப் பாதியாக்கிச் சோடா சேர்த்திருப்பதால், 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். ஜினை அடியோடு விட்டுவிட்டு ஒயினையும் சோடாவையும் மட்டும் வைத்துக்கொண்டால் 6 முதல் 7 சதவீதத்துக்குள் வரும். எனக்கு வெயில் நேரத்தில் அதுதான் பிடித்தம்.

4. முந்தைய நாள்: சிரப்

ஆகும் நேரம் அரை மணி, அதில் அடுப்பு முன்னால் நிற்பது 5 நிமிடம்.

தேவை: சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 200 மி.லி., காய்ந்த லேவண்டர் மொட்டு 2 டீஸ்பூன். டேபிள்ஸ்பூன் அல்ல, டீஸ்பூன். தலை தட்டி அளந்த 2 டீஸ்பூன். இந்த இடத்தில் தாராள மனசு வேண்டாம்.

தண்ணீரையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கிக் கரையவிடுங்கள். பாகுபதம் தேவையில்லை, கரைந்தாலே போதும். கொதி வரும் நேரம் அடுப்பை அணைத்துவிட்டு, அப்புறம் லேவண்டரைப் போட்டு மூடுங்கள். கொதிக்கும்போது போட்டால் மணமெல்லாம் ஆவியோடு அறைக்குள் போய்விடும். வீடு மணக்கும், சிரப் கசக்கும்.

மூடி வைத்த 5-ஆவது நிமிடத்தில் ஒரு டீஸ்பூன் எடுத்துச் சோதியுங்கள். இங்கே எனக்கு நாளாகப் பிடிபடாத ஒரு விஷயம் இருக்கிறது. சூடான சிரப்பை அப்படியே நக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சர்க்கரை எல்லாவற்றையும் மறைத்துவிடும். இன்னும் ஊறட்டும் என்று விட்டுவிடுவோம். அப்படிச் செய்யாமல், ஒரு சின்ன டம்ளரில் ஒன்பது ஸ்பூன் குளிர்ந்த சோடாவோ தண்ணீரோ விட்டு, அதில் அந்த ஒரு ஸ்பூன் சிரப்பைக் கலக்கிக் குடித்துப் பாருங்கள். கடைசியில் கிளாஸில் வரப்போகும் ருசி ஏறக்குறைய அதுதான். மூக்கருகே கொண்டு போகும்போது பூ தெரிந்து, விழுங்கிய பிறகு நாக்கில் ஒன்றும் மிஞ்சாமல் இருந்தால் உடனே வடிகட்டிவிடுங்கள். ஒன்றும் தெரியவில்லையா, இன்னும் 3 நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 15-ஐத் தாண்டியதில்லை. "இரவு முழுதும் ஊறட்டும், இன்னும் நன்றாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வடிகட்டுங்கள்.

மெல்லிய துணி போட்டு வடிகட்டுவது நல்லது. மொட்டுகளைப் பிழியாதீர்கள், கசப்பு இறங்கும். சுமார் 300 மி.லி. கிடைக்கும், 20 கிளாஸுக்குப் போதுமானது. நிறம் மங்கலான மஞ்சளாகத்தான் இருக்கும். படங்களில் பார்க்கும் ஊதா நிறம் லேவண்டரிலிருந்து வருவதில்லை, பெரும்பாலும் சாயம். உங்களுக்கும் அந்த நிறம் வேண்டுமென்றால் இரண்டு சங்குப்பூவை லேவண்டரோடு சேர்த்து ஊறவிடுங்கள். எலுமிச்சை சேரும்போது ஊதாவாகும்.

ஆறியதும் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

5. முந்தைய நாள்: குளிர்ச்சி

குமிழி என்பது கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு. 0 டிகிரி தண்ணீரில் கரைந்து நிற்கும் அளவு, 20 டிகிரியில் நிற்பதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதாவது ஒயின், சோடா, சிரப், கிளாஸ் இவற்றில் எது ஒன்று அறை வெப்பத்தில் இருந்தாலும் அது மற்றதன் கேஸைத் துரத்திவிடும். நான் ஒயினை மட்டும் குளிரவைத்து, சோடாவை அலமாரியிலிருந்து எடுத்து ஊற்றி, ஏன் நுரைத்துவிட்டு அடங்கிவிடுகிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஆக எல்லாவற்றையும் முந்தைய இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒயின் 6 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். மறந்துபோனால் பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டுப் புட்டியைக் கழுத்துவரை அமுக்கி வையுங்கள், அரை மணியில் குளிர்ந்துவிடும். தண்ணீர் இல்லாமல் வெறும் ஐஸில் செருகினால் நேரம் அதிகம் ஆகும், ஏனென்றால் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கிறது.

அவசரத்தில் ஃப்ரீஸரில் வைப்பவர்களுக்கு: அலாரம் வைக்காமல் வைக்காதீர்கள். உறைந்தால் ஒயின் விரியும். உள்ளே ஏற்கனவே அழுத்தம் இருக்கிறது, புட்டி வெடிக்கலாம்.

ஐஸ் பெரிய கட்டியாக இருக்கட்டும், மெதுவாக உருகும். ஃப்ரீஸரில் திறந்து கிடந்த பழைய ஐஸ் வேண்டாம், பக்கத்தில் இருந்ததன் வாசனையெல்லாம் அதில் ஏறியிருக்கும். மென்மையான பூ வாசனைக்கு முன்னால் அது நன்றாகவே தெரியும்.

கிளாஸைச் சோப்பு போகக் கழுவித் துடைத்து வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. பரிமாறுவதற்கு 15 நிமிடம் முன்பு ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் போதும். எந்தக் கிளாஸ்? ஃபுளூட் என்ற குறுகிய உயரமான கிளாஸில் ஐஸ் போட இடமில்லை, மூக்கும் நுழையாது. வாய் அகன்ற ஒயின் கிளாஸே இதற்குச் சரி. வாசனைக்காகத்தானே இவ்வளவு பாடு.

6. அன்றைக்கு: அடிக்கலவை

விருந்தினர் வரும் 2 மணி நேரத்துக்கு முன்பு எலுமிச்சை பிழியுங்கள், அதற்கும் முன்னால் வேண்டாம். காலையில் பிழிந்த சாறு மாலைக்குள் மந்தமாகிவிடும். புட்டியில் வரும் சாறு வாங்கவே வாங்காதீர்கள். பழத்தின் அளவு பலவிதம், அதனால் எத்தனை பழம் என்று கேட்காமல் சாற்றை அளந்துகொள்ளுங்கள். விதையும் சதையும் இல்லாமல் நன்றாக வடிகட்ட வேண்டும். சாற்றில் மிதக்கும் துணுக்குகளைப் பிடித்துக்கொண்டு கேஸ் வேகமாக வெளியேறும், நுரை பொங்கி வழியும்.

8 கிளாஸுக்கு: சிரப் 120 மி.லி., எலுமிச்சைச் சாறு 120 மி.லி., ஜின் 120 மி.லி. ஒரு புட்டியில் கலந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு கிளாஸுக்கு 45 மி.லி. இதுதான் அடிக்கலவை. இப்படிச் செய்தால் ஷேக்கரே தேவையில்லை. ஷேக்கரின் வேலை குளிரவைப்பதும் கொஞ்சம் நீர் சேர்ப்பதும்தான். குளிர்ச்சியை ஃபிரிட்ஜ் தந்துவிட்டது, நீரைச் சோடா தரப்போகிறது.

எப்படியும் குலுக்கித்தான் ஆவேன் என்றால் இந்த அடிக்கலவையை மட்டும் ஐஸோடு 10 வினாடி குலுக்குங்கள். ஒயினும் சோடாவும் ஷேக்கருக்குள் போகவே கூடாது. என் சுவரில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது.

7. புட்டியைத் திறப்பது

முதல்முறை திறப்பவர்களுக்குப் பயமாக இருக்கும், இருப்பது நல்லதும்கூட. ஷாம்பெயின் வகைப் புட்டிக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கார்க் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். சினிமாவில் வருவதுபோல டப்பென்று திறக்க முயலாதீர்கள், பாதி ஒயின் தரைக்குப் போகும்.

மேல் தாளைக் கிழித்ததும் கட்டைவிரலைக் கார்க்கின் தலையில் வையுங்கள். பிறகு எடுக்கவே எடுக்காதீர்கள். கம்பி வலையின் வளையத்தை 6 அரைச் சுற்றுச் சுற்றினால் தளரும். வலையைக் கழற்ற வேண்டாம், தளர்ந்தபடி கார்க்கின் மேலேயே இருக்கட்டும், பிடி கிடைக்கும். மேலே ஒரு துண்டைப் போர்த்துங்கள். புட்டியை 45 டிகிரி சாய்த்து, மனிதர்களும் ஜன்னலும் இல்லாத பக்கம் திருப்பி, கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு புட்டியின் அடிப்பாகத்தைத் திருகுங்கள். கார்க் தானாக மேலே வரப் பார்க்கும். அப்போது இழுக்காமல், அதைத் தடுத்து உள்ளே அழுத்துவதுபோல் பிடியுங்கள். கடைசியில் "உஸ்" என்று ஒரு பெருமூச்சு வரும். அவ்வளவுதான்.

குளிராத புட்டியும் ஆட்டிய புட்டியும் அடங்காது. கடையிலிருந்து கொண்டு வந்த கையோடு திறக்காததற்கு இன்னொரு காரணம் அது.

8. ஊற்றும் வரிசை

குளிர்ந்த கிளாஸில் இரண்டு பெரிய ஐஸ் கட்டி. அடிக்கலவை 45 மி.லி. அதன் மேல் சோடா 30 மி.லி. கடைசியில் ஒயின். சிரப் கனமானது, அதைக் கடைசியில் ஊற்றினால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கலக்கிக் கலக்கிக் கேஸைப் போக்கிவிடுவீர்கள்.

ஒயினை ஊற்றும்போது கிளாஸைச் சாய்த்துப் பக்கச்சுவர் வழியாக வழியவிடுங்கள், பீர் ஊற்றுவதுபோல. பிரான்ஸில் ரீம்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வகையில் ஷாம்பெயின் ஊற்றி அளந்து பார்த்தார்கள். நேராக நடுவில் கொட்டுவதைவிடச் சாய்த்து ஊற்றியதில்தான் கேஸ் அதிகம் தங்கியது. பாதி ஊற்றி, நுரை இறங்க விட்டு, மீதியை ஊற்றுங்கள்.

பிறகு நீளக் கரண்டியை அடிவரை விட்டு, ஒரே ஒரு முறை மெதுவாக மேலே தூக்குங்கள். அதற்குமேல் கலக்குவது நஷ்டம். எலுமிச்சைத் தோலில் ஒரு பட்டையை மேலே முறுக்கிப் பிழிந்து விளிம்பில் வைக்கலாம். லேவண்டர் மொட்டைத் தூவாதீர்கள், ஒவ்வொரு வாய்க்கும் பல்லில் மாட்டும். வேண்டுமென்றால் காம்போடு ஒரு கொத்து மட்டும் செருகுங்கள்.

எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க ஆசைப்பட்டு ஒரு பெரிய ஜாடியில் மொத்தமாகக் கலந்து வைக்காதீர்கள். 10 நிமிடத்தில் அது கேஸ் போன சோடா. அடிக்கலவையை எல்லாக் கிளாஸிலும் முதலில் ஊற்றிவிட்டால், மீதி வேலை எட்டுக் கிளாஸுக்கும் சேர்த்து மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

முதல் கிளாஸை நீங்கள் குடித்துப் பாருங்கள். இனிப்பு தூக்கலா, எலுமிச்சை 5 மி.லி. கூட்டுங்கள். புளிப்பு கூடுதலா, சிரப்பைக் கூட்டாமல் ஒயினைக் கூட்டிப் பாருங்கள், பல நேரம் அதுவே சரிசெய்யும். சோப்பு வாசனை வந்தால் அந்தக் கிளாஸுக்கு மருந்தில்லை. சிரப்பில் சரிபாதி வெறும் சர்க்கரைத் தண்ணீரைச் சேர்த்து அடுத்ததைக் காப்பாற்றலாம். பூவே தெரியவில்லையென்றால் சிரப்பைக் கூட்டத் தோன்றும். அதற்கு முன் ஒரு சந்தேகம் கேளுங்கள்: ஜின் எது? ஜூனிபர் (ஜினுக்கு அதன் வாசனையைத் தரும் காய்) தூக்கலான ஜின் லேவண்டரை அமுக்கிவிடும். அடுத்த முறை மென்மையான ஒன்றை வாங்குங்கள், அல்லது வோட்காவை வைத்துப் பாருங்கள்.

9. மது வேண்டாதவர்களுக்கு

சிரப் 20 மி.லி., எலுமிச்சை 15 மி.லி., மீதி 115 மி.லி. நன்றாகக் குளிர்ந்த சோடா, ஒரு சிட்டிகை உப்பு. அதே கிளாஸ், அதே ஐஸ், அதே எலுமிச்சைத் தோல். ஒயினில் இருக்கும் லேசான துவர்ப்பு இதில் இருக்காது. ஆறவைத்த கிரீன் டீ 30 மி.லி. சேர்த்துச் சோடாவை அந்த அளவு குறைத்தால் அந்தக் குறையும் தீரும். அடிக்கலவையைத் தனிப் புட்டியில், ஜின் இல்லாமல், பெயர் எழுதி வையுங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாறிப்போனால் வம்பு.

10. மீந்தது

திறந்த ஒயின் புட்டியின் கழுத்தில் ஸ்பூனைத் தொங்கவிட்டால் கேஸ் போகாது என்பது கட்டுக்கதை. ஸ்பார்க்ளிங் ஒயினுக்கென்று கவ்விப் பிடிக்கும் மூடி விற்கிறார்கள், அதைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் குடிக்கும்படி இருக்கும்.

எலுமிச்சை கலந்த அடிக்கலவையை அன்றே தீர்த்துவிடுங்கள். சிரப் ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். கலங்கினாலோ, மேலே நூல்போல ஏதாவது மிதந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். புட்டியில் பெயரும் தேதியும் ஒட்டி வைப்பது நல்லது. நான் ஒட்டாமல் வைத்த ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, என் அக்கா சோப்பு என்று நினைத்துக் கை கழுவப் போயிருக்கிறார்.